குருவியின் புதுப் பெயர்

"யாரைக் கேட்டுப் பேரை மாத்தினே?"

வரைபடப் பிரிவின் மூத்தவள் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது.

கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற சிஸ்டம் அட்மின் தலையை நிமிர்த்தவில்லை. "யாரையும் கேக்கலைக்கா."

ஜன்னலோரத்து லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு 'குருவி' என்று பெயர் வைத்தவர் சர்வேயர். ஆபீஸின் எல்லா வரைபடமும் அதில்தான். அதன் விசிறி கீச்சுக்கீச்சென்று கத்துவதால் அந்தப் பெயர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"குருவி தூங்குது!", "குருவி மக்கர் பண்ணுது, தலையில ரெண்டு தட்டு!" என்று நாள் பூரா அந்தப் பேர்தான் அடிபடும். சர்வேயர் எதுவும் சொல்லாமல் சிரித்துக்கொள்வார்.

அவர் காலமாகி இரண்டு மாதம்.

இப்போது கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், 'குருவி' இருந்த இடத்தில் 'மேப்-7' என்று நின்றது.

பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்த மூத்தவளுக்கு மனசு ஆறவில்லை.

"அவர் ஞாபகமா மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான். உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? திருப்பி மாத்து!"

"மாட்டேன்க்கா."

அவன் இன்னொரு ஃபைலைத் திறந்து, அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பழைய பெயரையும் அழித்தான்.

"நான் மேனேஜர்கிட்ட போறேன்."

"போங்க. ஆனா இனிமே அந்தப் பேரை இந்த ரூம்ல யாரும் சொல்லாதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"என்ன தம்பி, என்ன விஷயம்?"

"கடைசி நாள் ஆஸ்பத்திரியில நான்தான் அவர்கூட இருந்தேன். 'குருவி, குருவி'ன்னு முனகிட்டே இருந்தார். வேலை ஞாபகம்னு நெனச்சு, 'மெஷின் நல்லா ஓடுது சார்'னு சொன்னேன்."

அவன் கீபோர்டைத் தள்ளி வைத்தான்.

"அப்பதான் அவர் சம்சாரம் மருந்து வாங்கிட்டு உள்ள வந்தாங்க. 'இதோ வந்துட்டேங்க, உங்க குருவி இங்கதான் இருக்கேன்'னு கையைப் பிடிச்சாங்க."

அவள் திரும்பி அந்தத் திரையைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு நம்ம ஆபீஸ்ல வேலை போட்டிருக்காங்கக்கா. திங்கக்கிழமை காலையில, இதே மெஷின் முன்னாடிதான் வந்து உக்காரப் போறாங்க."