சட்டப்படி ஒரு தம்பதி

“அடுத்த புருஷன் பெண்டாட்டி யாரு? உள்ள வாங்க!”

கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டிய பியூன் போட்ட சத்தத்தில், பெஞ்சில் இருந்த மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தார். பக்கத்தில் டீச்சரம்மா வீங்கின காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். டயாலிசிஸ் இனிமேல் தாங்காது, சீக்கிரம் கிட்னி மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எதிர் பெஞ்சில், சற்றுமுன் ஒப்புதல் வாங்கி வந்த ஜோடி இன்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது. பேக்கரிக்காரர் ஒருவர், அவர் பக்கத்தில் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கும் ஒரு பெண். போகிற போக்கில் மெக்கானிக் சுவர் சுவிட்சைத் தட்டி, அவர்கள் தலைக்குமேல் சுற்றிய ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே உறுப்பு மாற்று ஒப்புதல் ஆணையம் கொலுவீற்றிருந்தது. நடுவில் ரிட்டயர்டு ஜட்ஜ், இந்தப் பக்கம் ஒரு டாக்டரம்மா, அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் இன்னொரு டாக்டர்.

“கல்யாணப் பத்திரம், போட்டோ எல்லாம் பைக்குள்ளயே இருக்கட்டும்,” என்றார் ஜட்ஜ். “காகிதம் எவன் வேணா அடிச்சுக்கிட்டு வரலாம். நாங்க ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேப்போம். பதில் ஒத்துப்போனா புருஷன் பெண்டாட்டி. இல்லேன்னா கிட்னி வியாபாரம்.”

“நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல சார்...”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. இந்த ஆணையம் அரசியல் சாசனத்துல பொறந்தது இல்லப்பா, ஒரு சின்னச் சட்டத்துல பொறந்தது. அந்தச் சட்டம் குடுத்ததுதான் எங்களுக்குக் கையும் காலும். பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, கட்டிக்கிட்டவங்க, இவங்கதான் குடுக்கலாம். சிநேகிதன் குடுக்கறேன்னு வந்தான், முடியாதுன்னோம். ரத்தம் சேரலை, ரெண்டு குடும்பம் மாத்திக் குடுத்துக்கிறோம்னு ஒருத்தன் போன்ல அழுதான், முடியாதுன்னோம். முதலாளிக்கு டிரைவர் குடுக்கறேன்னான், அவனைப் போலீஸ்லயே பிடிச்சுக் குடுத்தோம்.”

முதலில் மெக்கானிக்கை மட்டும் வைத்துக் கேட்டார்கள். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு டீச்சரம்மாவை. இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தியபோது ஜட்ஜின் முகம் கடுகடுவென்று இருந்தது.

“தூங்கும்போது சம்சாரத்துக்கு ஃபேன் காத்தே ஆகாதுன்னீங்க. ஃபேன் இல்லாம எனக்குக் கண்ணே மூடாதுங்கிறாங்க இவங்க.”

மெக்கானிக்கின் கண் கதவுப் பக்கம் ஓடியது.

“இவரு விடியுறதுக்கு முன்னாடியே வேலைக்கு எந்திரிச்சிடுவாருன்னு இவங்க சொல்றாங்க. வெயில் மூஞ்சியில அடிச்சாத்தான் எந்திரிப்பேன்னு நீங்க சொல்றீங்க. ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா, இல்ல ஒரே ஊர்லயாவது இருக்கீங்களா?”

“ரத்தம் அச்சா ஒத்துப்போகுது சார்,” என்றபடி பேனாவை மூடினார் டாக்டரம்மா. “வாய்தான் ஒத்துப்போகலை. அனுப்பிடலாம்.”

“தயவுபண்ணுங்கம்மா! அடுத்த கூட்டம் வரைக்கும் உசுரு தாங்காதும்மா!” மெக்கானிக் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “பதட்டத்துல உளறிட்டேன். நான் குடுக்கத்தானே வந்திருக்கேன், பிடுங்கவா வந்திருக்கேன்?”

“பரிதாபப்படறதுக்குச் சட்டத்துல ஒரு வரிகூட எழுதலைப்பா,” என்றார் ஜட்ஜ்.

அப்போதுதான் டீச்சரம்மா வெடித்தார்.

“படிச்சுப் படிச்சு சொன்னேனே! பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே! ஒண்ணாவது மண்டையில ஏறுச்சா?”

“நீ மட்டும் என்ன கிழிச்சே? நான் விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சதை எந்த ஜென்மத்துல பார்த்தே?”

“எப்பப் பார்த்தாலும் காதைக் கழட்டி எங்கயாவது வெச்சிட்டு உக்காந்திருக்க வேண்டியது!”

“நீ வாயை மூடினாத்தானே நான் காதைத் திறக்கிறது!”

“பாருங்க சார், சாகக் கிடக்கறவகிட்டகூட மல்லுக்கு நிக்கிற மனுஷன்!”

சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார். மெக்கானிக்கும் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

தூங்கிக்கொண்டிருந்த டாக்டர்கூட விழித்துக்கொண்டார். ஜட்ஜின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது.

“டாக்டரம்மா, கல்யாணமான நாள்லேருந்து என் வீட்டுல தினமும் காலையில இதே கச்சேரிதான். இப்படிச் சண்டை போட வாடகைக்கு ஆள் பிடிக்க முடியாதும்மா. என் சம்சாரத்தைக் கூப்பிட்டுக் கேட்டாலும் எல்லாத்தையும் தப்பாத்தான் சொல்லுவா.” முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். “சந்தேகமே இல்லை, புருஷன் பெண்டாட்டிதான். போங்க, போய் ஆஸ்பத்திரி வேலையைப் பாருங்க.”

அந்தச் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டிருக்க வேண்டும். இருவரும் வெளியே வந்தபோது பேக்கரிக்காரரும் சால்வைப் பெண்ணும் எழுந்து நின்றிருந்தார்கள். பியூன் மாடியிறங்கி டீ குடிக்கப் போகும்வரை நான்கு பேரும் சுவரில் ஒட்டியிருந்த பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. உங்க சம்சாரத்தை நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க, என் வீட்டுக்காரரை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.”