ஒரு ஸ்குரூ காணோம்

“இது தானா கெட்டு ரோசாக் ஆகல தம்பி. யாரோ ரோசாக் ஆக்கியிருக்காங்க.”

சொல்லிவிட்டு ஜெனவீவ் அம்மா, குழாயடியில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்த காளியம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

பீடோங் டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஏசுதாசன் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். ரேடியோ, இஸ்திரிப்பெட்டி, காற்றாடி என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவன்தான். ஆனால் தட்டு கழுவுகிற மெஷினை இந்த 1980-இல்தான் முதன்முதலாகப் பார்க்கிறான். தோட்டத்து மேனேஜர் பெர்னார்ட் தொரையின் மனைவியான ஜெனவீவ் அம்மாவுக்கு, இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் கப்பலில் அனுப்பிய பரிசு அது.

“முதல் ரெண்டு வாரம் தண்ணி நல்லா சூடாச்சு. இப்ப பச்சத்தண்ணியிலயே சுத்துது. தட்டெல்லாம் எண்ணெய். மறுபடி காளியம்மாதான் கழுவுறா. இதுல யாருக்கு லாபம்னு நீங்களே யோசிங்க.”

ஏசுதாசனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மெஷின் ஒழுங்காக ஓடினால் காளியம்மாவுக்கு இந்த பங்களாவில் என்ன வேலை?

“யாராச்சும் கை வெச்சிருந்தா மறைக்காம சொல்லுங்க. நாளைக்கே வேலையும் கிடையாது, லயத்து வீடும் கிடையாது.”

அம்மா முன்ஹாலுக்குப் போனதும் ஏசுதாசன் மெதுவாகக் கேட்டான். “அக்கா, நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?”

“அந்தச் சனியன் பக்கமே நான் போறதில்ல தம்பி.”

சொன்னவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

ஏசுதாசன் மெஷினை ஓடவிட்டான். தண்ணீர் வந்தது. மோட்டார் சுற்றியது. பத்து நிமிஷம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தகட்டைக் கழற்றினான். ஹீட்டரில் மீட்டரை வைத்தான். முள் துள்ளியது. ஹீட்டருக்கு ஒன்றுமில்லை. தெர்மோஸ்டாட்டும் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் எங்கேதான் கோளாறு? அவனுக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தான்.

ஹீட்டருக்குப் போகிற ஒயர் தனியாகத் தொங்கியது. நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்குரூவைக் காணோம். எலி கடித்திருந்தால் டேப் சுற்றிவிட்டா போகும்?

மெஷினுக்கடியில் எல்லாம் துழாவினான். ஸ்குரூ கிடைக்கவில்லை. தன் பையிலிருந்து ஒன்றைப் போட்டு, ஒயரை மாட்டி, சுவிட்சைத் தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பானது. கூடவே அடுப்படி பல்பு சிவந்து மங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். மேட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஒரு வெளிச்சம்கூட ஒழுங்காக இல்லை. பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்துவது இங்கே வரை கேட்டது.

“கரண்டு எஞ்சின் ஓடுறதே சாயங்காலம் ஆறரையில இருந்து பத்து வரைக்கும்தான் தம்பி.” காளியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பங்களாவுக்கும் லயத்துக்கும் அந்த ஒரு எஞ்சின்தான். இது சூடாச்சுன்னா எங்களுக்கு இருட்டு. ரெண்டு வாரமும் பிள்ளைங்க மண்ணெண்ணெய் விளக்குலதான் படிச்சிச்சிங்க. அக்டோபர்ல எஸ்.ஆர்.பி. அரசாங்கப் பரீட்சை. என் மகளும் எழுதுறா.”

“இந்த எஞ்சினே எப்பவும் இப்படித்தான்!” முன்ஹாலில் ஜெனவீவ் அம்மா அலுத்துக்கொண்டார்.

ஏசுதாசன் சுவிட்சை அணைத்தான். லயத்தில் மறுபடியும் வெளிச்சம் வந்தது.

அப்படியா சங்கதி! வேலைக்காகக் கழற்றினாளோ, மகளுக்காகக் கழற்றினாளோ, இவளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஒயரைக் கழற்றி, அதே டேப்பைச் சுற்றி, அடித்தகட்டை மாட்டினான். ஜெனவீவ் அம்மா திரும்பி வந்தார்.

“ஹீட்டர் எரிஞ்சு போச்சும்மா. யாரும் கை வெக்கல. சாமான் இங்கிலாந்துல இருந்து வரணும்.”

“எப்ப வரும்?”

“நவம்பர் ஆயிடும் லா.”

ஜெனவீவ் அம்மா காளியம்மாவைப் பார்த்தார். “சரி, அதுவரைக்கும் நீயே கழுவு.”

வாசல்வரை காளியம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். “தம்பி, சாமி சத்தியமா நான் கழட்டல.”

“சரிக்கா, நம்பிட்டேன்,” என்று சிரித்தான். நம்பவில்லை.

மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது தொரையின் லேண்ட்ரோவர் உள்ளே வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாலும், அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிற மனுஷர். ஏசுதாசன் வண்டியை விட்டு இறங்கி நின்றான்.

“மெஷினுக்கு என்ன?”

“ஹீட்டர் எரிஞ்சு போச்சு சார்.”

“யாராச்சும் கழட்டியிருந்தாங்களா?”

“இல்ல சார்.”

“காளியம்மா?”

“அந்த அக்கா தொடவே இல்ல சார்.”

“தெரியும்.”

தொரை பங்களா ஜன்னலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை ஸ்குரூவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“பரீட்சை முடிஞ்சதும் வந்து இத மாட்டிடுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க லா.”