கொழும்புக் கடுதாசி

ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போயிருந்த சொர்ணாம்பாள், சீவலப்பேரியில் வில்வண்டியை விட்டு இறங்கிய கையோடு, இலை விபூதியுடன் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சண்முகசுந்தரி கடிதங்களைக் கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். புறவாசலில் யாரோ உலக்கை போடும் சத்தம்.

“ஏளா, இதெல்லாம் உன் வீட்டுக்காரர் கொழும்புல இருந்து எழுதினதுல்லா?”

“ஆமாக்கா. ஆறு வருசத்துக் கடுதாசி.”

சொர்ணாம்பாள் இலை விபூதியை மடியில் செருகிக்கொண்டாள். சாவுச் செய்தி வந்த வீட்டில்தான் கடிதத்தைக் கிழிப்பார்கள். நல்ல கடிதத்தை யாரும் கிழிப்பதில்லை.

“எப்பம்ளா சேதி வந்துச்சு?”

“இருங்கக்கா, மை காஞ்சிரும்.” சண்முகசுந்தரி நறுக்கிய வெண்டைக்காயைக் கடுக்காய் மையில் தொட்டு, காகிதக் கூழில் செய்து காயவைத்திருந்த பெட்டிமேல் பூப்பூவாக அச்சு வைத்தாள். “வெந்தயம் போட்டு இடிச்சா கூழு நல்லாப் பிடிக்கு. பெட்டி எப்படி இருக்கு, பாருங்க.”

துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே சொர்ணாம்பாள் நினைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அந்த மனுசன் எழுதின எழுத்தாவது மிஞ்சட்டும், தாயி.”

“எதுக்குக்கா? எல்லாத்துலயும் ‘அடுத்த மாசம் வாரேன்’னு ஒரே பொய்.”

உலக்கைச் சத்தம் நின்றது. புறவாசலிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

“சுந்தரி, வந்த நாள்ல இருந்து இடிக்கேன். இன்னும் எத்தனை பொய் பாக்கி இருக்கு?”