முறை தவறியவர்

முதியோர் இல்லத்தின் மேனேஜர் காலையிலிருந்தே பரபரத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் போனில், "இன்னிக்கு உங்க இல்லத்துக்கு ஆய்வாளர் வர்றார். சொந்தக்காரர் மாதிரி வேஷம் போட்டுட்டு வருவார், உஷாரா இருங்க" என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் வைத்துவிட்டாள். லைசென்ஸ் புதுப்பிக்கிற மாதம். அது போனால் மேனேஜரின் பிழைப்பும் போகும்.

பத்து மணிக்குள் போர்வைகள் மாறின. மூன்று மாதமாக எரியாத குளியலறை விளக்கு எரிந்தது. சிரித்தே அறியாத நர்ஸ் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினாள். பார்க்கப் பயமாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஓர் ஆள் வந்தார்.

"ஆறாம் நம்பர் ரூம்ல இருக்கிறவங்க என் அத்தை. பார்க்கணும்."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறாம் அறை அம்மாள் வீட்டை எழுதிக் கொடுக்கும்வரை சொந்தபந்தம் யாரும் அவரை நெருங்கக் கூடாது என்பது அவருடைய மகனின் உத்தரவு. அதற்காக மேனேஜருக்குத் தனிக் கவனிப்பும் உண்டு.

"அத்தைன்னா எந்த வழியில சார்?" என்று நூல் விட்டுப் பார்த்தார்.

"அப்பாவோட கூடப் பிறந்தவங்க. சித்தப்பா போனதுலேர்ந்து தனியாத்தான் இருக்காங்க, பாவம்."

"எந்தச் சித்தப்பா?"

"அத்தையோட வீட்டுக்காரர்தான்."

மேனேஜர் உள்ளுக்குள் துள்ளினார். அத்தை புருஷனைச் சித்தப்பா என்று எந்த ஊரில் கூப்பிடுகிறார்கள்? வேஷம் போட்டு அனுப்பிய அரசாங்கம், மாமா என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டது.

அதன்பிறகு ஃபேன் அந்த ஆள் பக்கம் திரும்பியது. ஜூஸ் வந்தது.

"அத்தையைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கிறேன். விடுவீங்களா, இல்ல அடைச்சுத்தான் வெச்சிருப்பீங்களா?"

சோதனை வைக்கிறாராம். "இது என்ன ஜெயிலா சார்?" என்று சிரித்த மேனேஜர், கையெழுத்துகூட வாங்காமல் அம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து தானே காரில் ஏற்றிவிட்டார். மகனிடம் பிறகு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

மாலை ஐந்தாகியும் கார் திரும்பவில்லை. லைசென்ஸ் தரும் துறையின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "உங்க ஆய்வாளர்..." என்று இழுத்தார்.

"நாங்க யாரையும் அனுப்பலையே" என்றார்கள்.

மேனேஜர் போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். வந்தவன் கடத்தல்காரன். அம்மாளை மிரட்டி வீட்டை எழுதி வாங்கியிருப்பான். மகனுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவான். போலீசைக் கூப்பிடப் போனை எடுக்கும்போது அதுவே அடித்தது. ஆறாம் அறை அம்மாளின் குரல்.

"பதறாதீங்க மேனேஜர். வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன். உங்க மேலயும் என் மகன் மேலயும் புகார் எழுதிட்டிருக்கோம். ரூமுக்குள்ள எனக்கு போன் குடுத்தது யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

"அம்மா, அவன் உங்க சொந்தக்காரனே இல்லம்மா. வேஷக்காரன்" என்று மேனேஜர் பதறினார்.

"நிஜ சொந்தக்காரன்னு தெரிஞ்சா வாசல்லயே விரட்டிடுவீங்கன்னுதான், காலையில ஆய்வாளர் வர்றார்னு புரளியைக் கிளப்பிட்டு, முறையைத் தப்பாச் சொல்லச் சொன்னேன். அவன் என் கூடப் பிறந்த அண்ணன் மகன்."