பரம்பொருள் தெரிந்தவர்கள்

மாங்காட்டு அடுக்ககத்தின் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பு. கீழே லாரி செப்டிக் டேங்கை உறிஞ்சுகிறது. நாற்றம் மாடியேறி வந்து அகல்யாவின் தொண்டையில் ஒட்டுகிறது. "உடம்பு இல்ல, மனசு இல்ல, பரம்பொருள் மட்டுந்தான்," என்கிறார் ஆசிரியர் தட்சிணாமூர்த்தி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு. பிறகு ஒவ்வொருவராகக் கேட்கிறார்: "தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது சார்," என்று சாவித்திரி கண்ணீரே விடுகிறாள். "எனக்கும் சார்," என்கிறார் அடுத்தவர். மனசே இல்லையென்றால் தெரிந்துகொண்டது எது என்று யோசிக்கிறாள் அகல்யா. "அண்ணாத்தே, அடில இன்னும் கீது, ஓஸ் பைப்ப நல்லா உள்ள வுடு!" என்று லாரிக்காரன் கத்துகிறான். அவள் முறை வருகிறது. எல்லா முகங்களும் திரும்புகின்றன. "தெரிஞ்சுது சார்," என்கிறாள், சாவித்திரியைவிட உருக்கமாக. கீழே லாரி கிளம்பிப் போகிறது. நாற்றம் போகவில்லை.