பத்தடி கிழக்காலை

"கட்டடத்தைப் பத்தடி கிழக்காலை தள்ளுங்கோ, சேர். இந்த மூலையிலை அத்திவாரம் நிக்காது."

சொன்னவள் சிவகௌரி. ஒப்பந்தகாரராகப் பதிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதுதான் அவள் போடப்போகும் முதல் விலைமனு.

எழுதுமட்டுவாளில் சிறுவர் பள்ளிக்கு நான்கு வகுப்பறைகள். விலைமனு போட விரும்புகிறவர்களுக்கு இன்று காணியைக் காட்டும் நாள். வந்தது இரண்டே பேர்.

"உவ இருந்தால் மண் பரிசோதனைக்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை, சேர்" என்று சிரித்தார் மற்றவரான வின்சன்ற். இருபது வருடமாகக் கட்டடம் கட்டுகிறவர்.

பொறியியலாளர் ஜஸ்ரினுக்குச் சிரிப்பு வரவில்லை. மண் பரிசோதனை அறிக்கை நேற்றுத்தான் வந்தது. அதை அவன் ஒருவன்தான் வாசித்திருந்தான். மேற்கு மூலையில் ஆறடிக்கு இறுகாத மண் என்று அதில் இருந்தது.

"ஆர் சொன்னது, அக்கா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப கிழக்குப் பக்கம்?"

அவள் குதிக்காலால் தரையைத் தட்டினாள். "இதிலை ஒரு சாண்தான் மண். பேந்து கல்லு."

வின்சன்ற் தன் வாகனத்திலிருந்து இரும்பு அலவாங்கை எடுத்துவந்து ஓங்கிக் குத்தினார். ஒரு சாணில் 'ணங்' என்றது. அவருடைய சிரிப்பு நின்றது.

"அறிக்கையை ஆரோ உவவுக்குக் குடுத்திருக்கினம், சேர். நான் எழுத்திலை முறைப்பாடு தருவன்."

தந்தால் விசாரணை. விசாரணை முடிவதற்குள் ஆண்டு முடியும், நிதி கொழும்புக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு இன்னொரு மாரியும் தகரக் கொட்டில்தான்.

"அந்தப் பனைப் பக்கம் கவனம், சேர்" என்றாள் சிவகௌரி, ஒன்றும் நடக்காததுபோல. "வடக்காலை ஒரு வேர் ஓடுது. என்ரை கைத் தடிப்பு."

ஜஸ்ரின் நிமிர்ந்து பார்த்தான். அறிக்கையில் இருந்தது பரிசோதனைக்குத் தோண்டிய மூன்றே குழிகள். பனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"இது முந்தி உங்கடை காணியோ?"

"இல்லை. எங்கடை ஊர் உடுப்பிட்டி."

"இஞ்சை ஏதும் கட்டினீங்களோ?"

"ஒரு கல்லும் வைக்கேல்லை."

"அக்கா, விளையாடாதேங்கோ. எப்பிடித் தெரியுமெண்டு சொல்லாட்டி உங்கடை பேரை நான் வெட்டத்தான் வேணும்."

அவள் முகம் முதன்முறையாக வாடியது. "என்ரை முதல் வேலை, சேர். வெட்டிப்போடாதேங்கோ."

"அப்ப சொல்லுங்கோ."

"உங்கடை ஃபைலிலை கடைசித் தாளைப் பாருங்கோ."

புரட்டினான். போருக்குப் பிறகு காணியை விடுவித்தபோது கொடுத்த சான்றிதழ். எல்லாக் கோப்பிலும் இருப்பதுதான்; அவன் ஒருநாளும் வாசித்ததில்லை.

"எட்டு மாதம் முழங்காலிலை நிண்டு இந்தக் காணியைச் சாண் சாணாய்க் கிண்டினது நாங்கள்தான், சேர். மேற்கு மூலையிலை இருந்த பங்கர்க் குழியைத் தோண்டி மூடினதும் நாங்கள்தான்" என்றாள் சிவகௌரி. பிறகு வின்சன்றைப் பார்த்தாள். "அண்ணை, இப்ப பயமில்லை. ஆனால் நீங்கள் அலவாங்கு போட்ட இடத்திலைதான் என்ரை முதலாவது மிதிவெடியை எடுத்தனான்."