கோணல் சுற்று

கிட்டார் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்பைத் தயாரிக்கும் பட்டறை அது. அங்கே ஒரு மெஷின் இருந்தது. தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி எட்டாயிரம் சுற்று, வரிசை கலையாமல் சுற்றும். அதனால் அதற்குத் தலைக்கனம் தாங்காது. அது வந்து இறங்கிய வாரமே, அதுவரை கையால் சுற்றிக்கொண்டிருந்த மரகதவல்லியை, சுற்று கோணலாக இருக்கிறதென்று சொல்லி முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மெஷினுக்கு அதில் பரம திருப்தி.

ஒருநாள் காலை முதலாளி ஸ்க்ரூடிரைவரோடு வந்து அதன் வயிற்றுக்குள் எதையோ திருகிவிட்டுப் போனார். அதன்பின் அது சுற்றியதெல்லாம் கோணல்மாணலாக வந்தது.

மெஷின் அலறியது. "ஐயோ, என்னையும் அனுப்பிடுவாங்களே!"

"அட, சும்மா இரு," என்றது மேஜைமேல் மூடி திறந்து கிடந்த வெல்வெட் பெட்டி. "கையால சுத்தினதுலதான் சத்தம் உயிரோட இருக்குன்னு சொல்லி, வாங்குறவங்க மூணு மடங்கு விலை தர்றாங்க. அதான் உன்னைக் கோணலா சுத்த வச்சிருக்காரு."

"அதுக்கு அந்தம்மாவையே திரும்பக் கூப்பிடலாமே?"

"அவங்க வந்தா சம்பளம் கேப்பாங்க. கோணல் கேக்காது."

சாயங்காலம் முதலாளி ஒரு பிக்கப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடியின் மேல்பக்கத்தை மெஷின் அப்போதுதான் பார்த்தது. தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது: 'மரகதவல்லி தன் கையால் சுற்றியது.'